கூடை நிறைய இல்லை

முதலில் வெளிறியது கொண்டைதான்.
மறுகா மஞ்சட்கரு.
மறுகா கொப்பியில் என் எழுத்து:
பதினாலு, பதினொன்று, ஒன்பது, ஆறு.

தையில் வெள்ளம் வடிந்தும்
மகிழடித்தீவு மண் காயவில்லை.
கூட்டுக்குள் உமி களியாய்க் கிடந்தது.
அதைக் கிளறி, அதிலேயே எச்சமிட்டு,
அதிலேயே கொத்தித் தின்றன பத்தொன்பதும்.
தின்னத் தின்ன மெலிந்தன.
சிவலையைத் தூக்கினேன்.
நெஞ்செலும்பு கத்திபோல் கையில் பட்டது.

விடியப்புறம் டோர்ச் அடித்து
கோழி எச்சம் பார்க்கிறவளை ஊர் என்ன சொல்லும்?
சொன்னது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்:
அவித்த இடியப்ப இழை ஒன்று,
வெள்ளை, விரல் நீளம்,
நெளிந்தது.
அன்று காலை எனக்கு இடியப்பம் இறங்கவில்லை.

கொக்கட்டிச்சோலையில் மிருக வைத்தியர் இளந்தாரி.
என்னைப் பார்க்காமல்
நான் கொண்டுபோன பொட்டலத்தைப் பார்த்தார்.
"பூச்சி" என்றார். "குடல் நிறைய."
இரவு தண்ணியை எடுத்துவிட வேண்டும்.
விடிய, தாகத்தோடு நிற்கையில் மருந்துத் தண்ணி.
அது முடியுமட்டும் வேறு தண்ணி கூடாது.
இருபத்தொரு நாளில் இன்னொருக்கா,
இன்று தப்புகிற குஞ்சுப் பூச்சி
அன்றைக்குப் பெரிதாகியிருக்கும்.
படியிறங்கிய பிறகு கூப்பிட்டார்:
"அக்கா, பத்து நாளைக்கு முட்டை
ஒருத்தருக்கும் குடுக்காதீங்க.
நீங்களும் தின்னாதீங்க."

பத்து நாள்.
புதன்கிழமைத் தவணைக்காரன் பத்து நாள் தருவானா?
கோழி வாங்கினது அந்த லோனில்.
கம்பிவலை, தண்ணிக் கோப்பை,
கூட்டுக் கதவின் கொண்டிகூட.

பூச்சி மருந்து எனக்குப் புதிதல்ல.
பள்ளியில் வரிசையாய் நிறுத்திக்
குளிசையைச் சப்பவைத்து
வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.
சேவலிடம் அது நடக்காது.
ஒரு கண்ணால் கோப்பையைப் பார்த்தது,
கழுத்தைத் திருப்பி
மறு கண்ணால் என்னைப் பார்த்தது.
பிறகு குடித்தது.

களி உமியை வாரி எரித்தேன்.
சுண்ணாம்பு தூவிக் கூட்டை மேட்டுக்கு இழுத்தோம்,
நானும் கொழுந்தன் மகன் டிலக்சனும்.
தீன் கோப்பை கல்லின் மேல் ஏறியது.
குஞ்சுகளுக்கு வேறு அடைப்பு.
இதெல்லாம் மாரிக்கு முன்னம் செய்திருக்க வேண்டியது.
தெரியும்.

அந்திக்கு அந்தி வாழையடியில் ஒரு குழி.
மண்ணுக்குள் முட்டை உடைவது
கேட்காது என்று நினைத்திருந்தேன்.

ஜெயவதனி வந்தாள். ஏழு மாசம்.
"நாலு முட்டை தா, காசு நாளைக்கு."
கூடை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது.
"இல்ல கா" என்றேன்.
"அப்ப இதென்ன?"
"இல்ல கா."
மருந்து என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் மருந்துக்கோழிக்காரி என்று பேர் விழும்,
தைப்பொங்கல் வந்தாலும் ஒருத்தரும் வாங்கார்.
கடனுக்குத் தராமல் கடைக்கு ஒளிக்கிறாள்
என்று நினைத்துக்கொண்டு அவள் போனாள்,
இடுப்பில் கை வைத்து, மெல்ல.

புதன்கிழமை அவன் கூடையைப் பார்த்தான்.
"காசு இல்லாட்டி முட்டையாத் தாங்க,
விலை போட்டுக் கழிக்கிறன்."
அவனுக்குக் கொடுத்தால் என்ன என்று
ஒரு கணம் நினைத்தேன்.
ஒரு கணத்துக்குக் கொஞ்சம் கூட.
"வீட்டில சின்னவள் முட்டைக்கு அழுகிறாள்" என்றான்.
அதைச் சொல்லியிருக்கக்கூடாது அவன்.
தண்டப்பணத்தோடு அடுத்த கிழமை என்று எழுதச் சொன்னேன்.
எழுதினான்.

பதினோராம் நாள்
சிவலையின் கொண்டையில் கொஞ்சம் நிறம்.
கொப்பியில் பத்து.
நாலை எடுத்துக்கொண்டு ஜெயவதனி வீட்டுக்குப் போய்
எல்லாம் சொன்னேன், இழை நெளிந்தது வரைக்கும்.
முகத்தைச் சுளித்தாள்.
முட்டையை வாங்கினாள்.
"திரும்ப எப்ப இல்லை?" என்று கேட்டாள்.

கலண்டரில் பத்து நாளுக்குக் குறுக்கே
இன்னொரு கோடு போட்டிருக்கிறேன்.
இந்த முறை
கூடையைத் துணியால் மூடி வைக்க வேண்டும்.