பாக்கி

பேருந்தைவிட்டு இறங்கும்போதே பசி என்றாள்,
பதின்மூன்று வருடம் கழித்து வந்த
என் சித்தி மகள் லவோன்.
ஒரு கை பெட்டியில், மறு கை தொப்பியில்.
டலூத் நகரத்து நவம்பர் காற்று
ஏரியிலிருந்து நேரே ஏறி வரும்,
யார் தலையையும் விட்டுவைக்காது.

கடைசியாகப் பார்த்தபோது
அவள் காரின் கியர்பாக்ஸுக்காக
முந்நூறு டாலர் எண்ணிக் கொடுத்தேன்.
கார் டூசான் வரை போய்ச் சேர்ந்தது.
பணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் அட்டை வரும்,
மூன்று வரியில் வெயிலைப் பற்றி எழுதி.

வியாழன்.
பழைய ரயில் பெட்டிக்குள் நடக்கிற கடை.
உருளைக்கிழங்கு வறுவலை
"கருக விடு, பயப்படாதே" என்று
அடுப்படிவரை கேட்கச் சொன்னாள்.
கேட்காமலே காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்
பரிமாறுகிறவள்.
பில் வந்தது.
என் கை பையைத் தொடுமுன்
ஈயை அடிப்பதுபோல் அதன்மேல்
உள்ளங்கையை வைத்தாள் லவோன்.
இருபத்தாறு.

வெள்ளிக்கிழமை போன இடத்தில்
சுவரில் ஒரு சைக்கிள் தொங்கியது.
பதினொரு மணிக்குத்தான் காலை விடிகிற கடை.
வெண்ணெய்ப்பழம் மசித்துத் தடவிய ரொட்டி
மரப்பலகையில் வந்தது.
"தட்டு எங்கே?"
"இதுதான் தட்டு," என்றான் தாடிக்காரப் பையன்.
"இதைக் கழுவுவீர்களா, இழைப்பீர்களா?"
கேட்டுவிட்டு
கண்ணில் நீர் வரும்வரை அவளே சிரித்தாள்.
பையனும் சிரித்தான், பாவம்.
ஐம்பத்தெட்டு டாலர்.
இமைக்காமல் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இவள் என்னோடு சாப்பிட வரவில்லை,
கடனை முட்டையாகவும் ரொட்டியாகவும்
திருப்பித் தந்துகொண்டிருக்கிறாள்.

அன்று இரவு சோபாவில் அவள் குறட்டை.
நான் சமையலறையில் மனக்கணக்கு.
முந்நூறில் எண்பத்துநாலு போக
இருநூற்றுப் பதினாறு.
அதுவும் கழிந்துவிட்டால்
இரண்டு நாள் பேருந்தில் முதுகு நோக
இங்கே வர
அவளுக்கு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை, பௌலிங் கூடத்து உணவகம்.
பந்து உருள்கிற சத்தத்துக்கு நடுவே
எனக்கு ஒரு காபி, ஒரு டோஸ்ட் போதுமென்றேன்.
"வயிறு சரியில்லையா, டுவேன்?"
"ம்."
அவளும் ஓட்ஸ் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள்.
பக்கத்து மேசையில் பன்றி இறைச்சி பொரிந்த வாசனை.
வாயைக் கட்டிக்கொண்டு
வெண்ணெய் தடவினேன், ஓரம்வரை.
பதினொன்று.

பத்து மணிக்குப் பேருந்து.
ஞாயிறு ஏழுக்கே திறந்திருந்தது
மீன்பிடி சாமான் விற்கும் கடை மட்டும்.
ஒரு பக்கம் தூண்டில் புழு, இன்னொரு பக்கம் பான்கேக்.
தொட்டியில் பொடிமீன்கள் ஓயாமல் திரும்பின.
அர்விட் என்கிற கிழவர்தான் சமையல், கல்லா, எல்லாம்.
நான் கட்டுப்பாட்டை மறந்து நாலு தின்றேன்.
அவள் ஐந்து.

அட்டை வாங்குவதில்லையாம்.
லவோன் கைப்பையைக் கவிழ்த்தாள்:
பயணச்சீட்டு, உதட்டுக் களிம்பு,
ஏதோ விடுதியின் சாவி,
இரண்டு செப்புக் காசு.

இருபத்தேழை நான் வைத்தேன்.
மெதுவாக, ஒவ்வொரு நோட்டாக.

தட்டில் மிஞ்சிய பாகை
முள்கரண்டியால் வழித்துக்கொண்டே சொன்னாள்:
"இருநூற்றைந்தில் நின்றது.
இப்போது இருநூற்று முப்பத்திரண்டு."

அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"டிப்ஸை விட்டுவிட்டாய்," என்றேன்.
"எவ்வளவு?"
"நாலு."

அர்விட்டின் காதிலிருந்த பேனாவை வாங்கி
காகிதக் கைத்துண்டில் எழுதினாள்.
முப்பத்தாறு என்பதன் அடியில்
இரண்டு கோடு இழுத்தாள், அழுத்தி.
என்னிடம் தருவாளென்று நினைத்தேன்.
நாலாக மடித்துத்
தன் கோட்டின் உட்பையில் வைத்து
ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கேட்டாள்,
"கோடையில் இங்கே மீன் வறுப்பார்களா?"