பீட்ரூட் கோடு

மைனஸ் பதினாலு.
ஒவுலு நகரப் பள்ளி மைதானத்தில்
சாக்பீஸ் செல்லாது.
சமையற்கட்டில் பீட்ரூட் சாறு வாங்கிவந்து
பனியின் மேல் ஒரு தெரு வரைந்தேன்:
இரண்டு வளைவு, ஒரு சந்திப்பு,
நிற்கவேண்டிய இடத்தில் தடித்த கோடு.

மூன்றாம் வகுப்பின் பத்தொன்பது சைக்கிள்கள்.
டயரை அமுக்கிப் பார், பிரேக்கைப் பிடித்துப் பார்,
ஹெல்மெட் வாருக்கும் தாடைக்கும் நடுவே
இரண்டு விரல்.
கையுறையோடு அல்ல, உர்ஹோ.

உர்ஹோ கோட்டைத் தாண்டிப் போனான்.
கோடும் அவனோடு கொஞ்ச தூரம் போனது
சிவப்பாக, சக்கர அகலத்தில்.
விழுந்தவன் எழும்வரை
யாரும் மூச்சு விடவில்லை.
கையுறையை நக்கிப் பார்த்து
"உப்பு போதாது" என்றான்.

பத்துச் சுற்று முடிந்ததும்
கழுத்தில் விரல் வைத்து
ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன்.
காலர்களுக்குள்ளிருந்து ஆவி.
சைமி நிமிர்ந்தாள்:
"நூற்று நாற்பத்தெட்டு.
பள்ளி வாசலில் முப்பதுதானே அனுமதி?
அபராதம் உண்டா?"
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மதியம், உணவுக்கூடம்.
ஒற்றைக் கையில் தட்டோடு வந்தவள்
மேசைக்குத் திரும்புமுன்
தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்தாள்,
இடது கையை
முழு நீளத்துக்கு நீட்டினாள்.

பின்னால் வந்த தலைமையாசிரியர்
சூப் தளும்ப
பிரேக் பிடித்தார்.