வெற்று எடை

லோரியை நிறுத்தி, நிறுத்து, அனுப்புவது
பதினேழு வருஷமாக என் வேலை.
குலையோடு வரும்போது ஓர் எண்.
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எண்.
கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் காசு.

அந்தப் பழக்கத்தில்தான்
சிரம்பான் ஷோரூமில் ஜேசன் லிம்
கூரைக் கண்ணாடியைக் காட்டி
வானம் முழுக்க இலவசம், அக்கா என்றபோது
(தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அக்கா)
எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டேன்.
நிறம் கேட்பார்களாம்,
ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் என்பார்களாம்.
எடைக்கு அவன் போனைத் தடவினான்.

அழகுதான். பொய் சொல்வானேன்.
ஆறு மணிக்குச் செம்பனை மேல் நிற்கும்
பனியின் நிறம்.
கதவோடு கதவாய்ப் படுத்திருந்த கைப்பிடி
நான் கிட்டே போனதும் எழுந்து வந்தது.
மேனேஜர்கூட எனக்காக எழுந்ததில்லை.

குணாளன் பெட்ரோல் ரசீதின் முதுகில்
கணக்குப் போட்டார்.
ஒன்பது வருஷ லோன். மாதம் இவ்வளவு.
பெட்ரோலில் மிச்சம் இவ்வளவு.
வெள்ளம் வந்தால்? என்று ஒரு வரி.
பேட்டரி போனால்? என்று ஒரு வரி,
எதிரே ஒன்றுமில்லை.
அடியில் கோடு இழுத்தார்.
கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதாமல்
ரசீதை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுச் சுவரிலேயே சார்ஜர் மாட்டலாம்
என்றான் ஜேசன்.
எந்தச் சுவரில்?
இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் சேர்ந்து சுட்டால்
இருட்டாகிவிடும் குவார்ட்டர்ஸ் அது.
ஆணி அடிக்கவே ஆபீசுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.
அறுபதில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
எனக்கு ஐம்பத்தொன்று.
காடி எனக்குச் சொந்தமாகும் மாதமும்
வீட்டைக் காலி செய்யும் மாதமும்
ஒரே மாதம்.
இதை ரசீதில் அவரும் எழுதவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஹாவுக்கே கொண்டுவந்துவிட்டான்.
தோட்டத்துச் செம்மண் சாலையில் நான் ஓட்டினேன்.
சத்தம் இல்லை.
ஆலையின் புளித்த வாடை
கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுகொண்டது.
தலைக்கு மேல் மட்டைகள் ஓடின, ஓடின.
குலையைத் தரையில் பார்த்தே பழகியவளுக்கு
அது மரத்தில் இருக்கும் இடம்
புதிதாக இருந்தது.

லயத்து முனையில் நாய்கள் எழவில்லை.
என் கஞ்சில் ஆலையைத் தாண்டும்போதே
எழுந்து வழிவிடுகிற நாய்கள்.
ஹார்ன் அடிக்க வேண்டியிருந்தது.
கறுப்பு நாய் நிதானமாக நகர்ந்து
என்னை யாரோ போலப் பார்த்தது.

ஆலைக்கு அன்று லீவு.
காவலுக்கு இருந்த நேப்பாளத்துப் பையன்
தடையைத் தூக்கிவிட்டான்.
ஜேசனை இறக்கிவிட்டேன்.
குணாளனை என் நாற்காலியில் உட்கார வைத்து
எந்தப் பொத்தான் என்று சொல்லிவிட்டு
காடியை மேடையில் ஏற்றினேன்.

என்னோடு, இரண்டாயிரத்து நாற்பது.
இறங்கி, மேடையை விட்டு விலகி நின்றேன்.
நான் இல்லாமல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.

மெஷினுக்குத் தெரிந்த சரக்கு ஒன்றுதான்.
கடகடவென்று அடித்துத் துப்பியது:
பொருள் – செம்பனைக் குலை.
நிகர எடை – எழுபது கிலோ.

ஜேசன் விழுந்து விழுந்து சிரித்தான்.
குணாளன் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்து
தரமான குலை என்றார், முகம் மாறாமல்.

புக்கிங்குக்கு ஐந்நூறு வெள்ளி,
வெள்ளிக்கிழமைக்குள்.
இன்று புதன்.

சீட்டை நாலாக மடித்து
கஞ்சிலின் வெயில்மறைப்பில் செருகியிருக்கிறேன்.
காலையில் மூன்றாவது முறுக்கில்தான் பிடித்தது,
இருமியது, நின்றது,
மறுபடி பிடித்தது.
லயத்து முனையில்
கறுப்பு நாய் எழுந்து நின்றது.