மஞ்சள் நாடா

ரூவியில், மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில்,
தரையில் பத்து மீட்டருக்கு ஒரு மஞ்சள் நாடா.
ஒட்டியது நான்தான். மூன்றாம் மீட்டரில் கொஞ்சம் கோணல்.

முதலில் சும்மா நடக்கச் சொல்வேன்.
பிறகு, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே.
ஸ்டாப்வாட்ச் என் கட்டைவிரலுக்குக் கீழே துடிக்கும்.

மனசுக்கு ஒற்றைக் கைதான் போலிருக்கிறது.

டாக்ஸி ஓட்டும் கமீஸ் தொண்ணூற்று மூன்றில் நின்றார்,
பெட்ரோல் தீர்ந்த மாதிரி.
நின்ற இடத்திலேயே, அரபியில்,
இரண்டு வரைக்கும் பிழையில்லாமல் இறங்கி முடித்து,
"இனி நடக்கலாமா?" என்றார்.
ஒரு கணக்கு டீச்சர்
எழுபத்தொன்பதையும் தவறவிட்டாள், இடது செருப்பையும்.

இருதயராஜ் வேறு மாதிரி.
சாரம் கட்டுகிறவர். கூத்தங்குழிக்காரர்.
இடுப்பில் தகடு வைத்து நாலு மாதம்.
எண் இல்லாமல் பதினான்கு விநாடி.
எண்ணோடும் அதே பதினான்கு.
"தொண்ணூத்தி மூணு... எண்பத்தாறு..."
அதோடு வாய் அடைத்துக்கொண்டது.
பாதம் மட்டும் நாடா மேல் போனது,
முன்விரலால் தொட்டுப் பார்த்து,
நம்பி, பிறகு பாரம் இறக்கி.
கோணலைக்கூட அப்படியே மிதித்தார்.

"கணக்கு எங்கே போச்சு?"

"கீழ போட்டுட்டேன் சிஸ்டர்.
மேல நிக்கும்போது யாரு கூப்பிட்டாலும் பதில் கிடையாது.
பலகை முதல்ல.
பேச்செல்லாம் எறங்கின பொறவு."

படிவத்தில் எழுதினேன்: பதினான்கு, பதினான்கு.
குறிப்பு என்ற கட்டம் ஒரு விரல் அகலம்தான்.
பேனாவை மூடியபடி
கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்:
"அப்போ அன்னைக்கு?"

ஷூவின் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தார்.
அவிழ்த்தார். திரும்ப முடிந்தார்.
"கீழ ஒரு நேபாளிப் பையன். புதுசு.
மணி என்னன்னு கேட்டான்.
பத்தே கால்னு சொல்ல வாயெடுத்தேன்.
பத்து வரைக்கும்தான் வந்துச்சு."

ஏசி மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஹம்ரியா சாலையைக் கடக்கும்போது
கைப்பையில் போன் அதிர்ந்தது. ஜெபக்கனி.
"இந்த மாசம் எவ்வளவு அனுப்புவே?"
இருநூற்று எண்பதில் வாடகை தொண்ணூறு,
அரிசி, ரீசார்ஜ், நிர்மலாவிடம் வாங்கின பதினைந்து,
மிச்சத்தை இன்றைய ரேட்டால் பெருக்கி...

பின்னால் ஒரு லாரி கத்தியது.
கீழே பார்த்தேன்.
என் கால்கள் எப்போதோ நின்றிருந்தன,
வெள்ளைக் கோடுகளின் நடுவே,
யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனவை போல.

"என்ன, லைன்ல இருக்கியா?"

இன்னும் பாதி ரோடு இருந்தது.