வெறுங்குப்பி

யுவாஸ்குலா, ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
யால்மாரி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பெட்டிக்குள்
அதைவிடக் குளிர்:
உலர்பனியில் புதைந்த நாற்பத்தாறு குழாய்கள்,
இருபத்துமூன்று பேரின் ரத்தம்,
ஐம்பது கிலோமீட்டர் பனிச்சறுக்குக்கு முன் ஒன்று, பின் ஒன்று.
பெயர் கிடையாது. எண்தான்.

நான் தேடுவது மிகச் சிறியவற்றை.
ரை ரொட்டியின் தவிடு குடலுக்குள் இறங்கியதும்
அங்கே குடியிருக்கும் கோடானுகோடிப் பேர்
அதைப் புளிக்கவைத்து வாடகையாகத் தரும் அமிலங்கள்:
அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக்.
இரண்டு கார்பன், மூன்று, நான்கு.
இதையும் சங்கிலி என்கிறார்கள்,
ஒரு பூனைக்குக்கூடக் கட்டப் போதாது.

பியூட்டிரிக் கைநரம்புவரை வந்து சேர்வதே அபூர்வம்.
முதல் பந்தியில் குடல்சுவர் உட்கார்ந்துவிடும்,
இரண்டாம் பந்தியில் கல்லீரல்.
வாசலில் நிற்கும் என் ஊசிக்கு
இலையில் ஒட்டிய பருக்கை.
அதையும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

அதனால் ஒவ்வொரு குழாயிலும் முதலில்
ஓர் இரட்டைப்பிறவியை இறக்கிவிடுவேன்.
அதே முகம், அதே குணம்,
கனத்த ஹைட்ரஜன் உடுத்தியதால் எடை மட்டும் கூட.
வழியில் சிந்தினால் இருவரும் சேர்ந்தே சிந்துவார்கள்.
முடிவில் நிறமாலைமானி
இவன் எத்தனை, அவன் எத்தனை என்று பிரித்துச் சொல்லும்.
அதற்கு யார் முகமும் தெரியாது.

திங்கள் இரவு, பதினெட்டுக் குழாய்களைக் கலந்து
மஞ்சள் நிறம் ஏறும்வரை காத்திருந்து
அடுக்கிவிட்டு,
வழக்கம்போல் வெறுங்குப்பியை முதலில் ஓட்டினேன்.
தண்ணீர் மட்டும். திரையில் நேர்கோடு போக வேண்டும்.
போனது. நாலாவது நிமிடத்தில் மலையேறியது.
அசிட்டிக்.
யாருடைய ரத்தமும் இல்லாத இடத்தில்
ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைவிட உயரமாக.

கையுறையை மாற்றினேன். மெத்தனாலை மாற்றினேன்.
என் மூச்சைக்கூடச் சந்தேகித்தேன்.
வியாழன் விடிவதற்குமுன்
துப்புரவுக்கு வந்த சைமி வாளியை இறக்கிவைத்தாள்.
மூன்று நாள் கருவியிடம் கேட்டதை
மூக்கு ஒரே நொடியில் சொன்னது: வினிகர்.
“தொட்டியில் உப்புக்கறை. சோப்புக்கு அசையவில்லை” என்றாள்.
தொட்டி மின்னியது.
பதினொரு வருடத்தில் அது அப்படி மின்னி நான் பார்த்ததில்லை.
முதலில் நன்றி சொன்னேன்.
வாளியைப் பற்றிப் பிறகு.

மற்றவர்களுக்கு உறைபெட்டியில் மீதி இருந்தது.
பதினான்குக்கு இல்லை.
நாற்பத்தோராவது கிலோமீட்டரில் பாதையோரம் உட்கார்ந்துவிட்டவள்;
நரம்பு குளிரில் ஒளிந்துகொள்ள
அரைக் குழாய்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தது.
அந்த அரையும் இப்போது மஞ்சளாகிக் கிடக்கிறது
வினிகரோடு.
முன்பு, பின்பு என்ற இரண்டு கட்டங்களில்
இரண்டாவதில் ஒரு கோடு போட்டேன்.

அனுமதி கேட்டு யால்மாரி போனைப் போட்டுக் கொடுத்தான்.
பெயர் டெல்லெர்வோ. குரல் கரகரத்திருந்தது.
வீணாக்கிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
“பந்தயப் பட்டியலிலும் என் பெயருக்கு நேரே
கோடுதான் போட்டிருக்கிறார்கள்.
நீங்கள் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டீர்களா?”
சிரித்தாளா என்று இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை.
பிறகு கேட்டாள்:
“அது, நீங்கள் தேடுவது, எப்படி இருக்கும்?”

எண்ணைச் சொல்லலாம். எடையைச் சொல்லலாம்.
“கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாறும்” என்றேன்.
“எங்கள் பூட்ஸ் அறை” என்றாள், உடனே.

அன்று மாலை ஒப்பீட்டுக் கரைசல் புதிதாகக் கலக்கும்போது
ஒரு சொட்டு சட்டைக்கையில் பட்டுவிட்டது.
பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர்
இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு
முன்னால் போய் நின்றுகொண்டார்.
கையை மடித்து வைத்துக்கொண்டேன்.
ஏரி முழுக்க உறைந்திருந்தது.
யாரோ ஒருத்தி, தலையில் விளக்கோடு,
அதன்மேல் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.