வெளிச்சென்ற பொருட்கள்

நாகப்பட்டினம், உப்பனாற்றங்கரை.
பழைய கோயில் இப்போது அருங்காட்சியகம்.
பூசை எதிர்சாரியில்,
டைல்ஸ் பதித்த புதுக் கோயிலில்.
நடுவே ரோடு, ஒரு பரோட்டாக் கடை.

பெரிய வியாழன் மதியம் இஞ்ஞாசி வருவார்.
பின்னால் ஒரு குட்டியானை வண்டி.
கையில் பங்குச்சாமியார் கடிதம்,
தோளில் துவைத்த ஜமுக்காளம்.

நான் பேரேட்டைத் திறப்பேன்.
பொருள்: மரச்சிற்பம், எண் 41.
பாணி: இந்தோ-போர்த்துகீசியம்.
அந்தச் சிறு கோட்டுக்குள் எங்கோ
உளி பிடித்தவன் ஒளிந்திருக்கிறான்,
காதுமடலை நம்மூர் உற்சவர் மாதிரி இறக்கிவிட்டு
மூக்கை மட்டும் லிஸ்பனுக்குக் கொடுத்தவன்.

பொருளின் நிலை:
தோள்மூட்டு இரண்டும் அசையும்.
ஆட்டுத்தோல் இற்றுப்போய்
யாரோ சைக்கிள் டியூப் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.
காயங்கள் ஐந்து,
ஏற்கெனவே உள்ளவை.
ஒப்படைத்தவர்: வை. தையல்நாயகி.

"மெதுவாத் தூக்குங்க,
அவருக்கு வலது கை மக்கர் பண்ணும்."
கண்ணாடிப் பெட்டியில் அது.
வண்டியில் அவர்.
இடையே பதினெட்டு அடி.
எந்த அடியில் அஃறிணை உயர்திணை ஆகிறதென்று
மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.
இந்தத் தடவை குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், தப்பிவிட்டது.

வெள்ளி இரவு
ஆணி பிடுங்கி, கையை மடக்கி, தூம்பாவில் கிடத்தி
தெருச் சுற்றினார்கள்.
எங்கள் வரிசையில் கரண்ட் இல்லை.
மொட்டை மாடியிலிருந்து
மெழுகுத்திரிகள் போவதை மட்டும் பார்த்தேன்.

ஞாயிறு எங்களுக்கு வேலைநாள்.
கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம்,
இருபது ரூபாய்ச் சீட்டு ஐந்து.
காலிப் பெட்டியில் மூக்கை ஒட்டி
பையன் கேட்டான், "எங்க காணோம்?"
"வெளிய போயிருக்கார்."
சொன்னது என் வாய்தான்.

திங்கள் காலை ஜமுக்காளத்தை விரித்துச் சரிபார்த்தேன்.
இடது முழங்காலில் மெழுகுச் சொட்டு.
தலைமுடியில் ஒரு மல்லிகைக் காம்பு.
வலது கால் பெருவிரலில்
சாயம் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது,
முத்தமெல்லாம் அங்கேதான்.

சேதத்துக்குப் பொறுப்பு என்று ஒரு கட்டம்.
இஞ்ஞாசி தலையைச் சொறிகிறார்.
ஊரே என்று எழுதினால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

கடைசிக் கட்டம், திரும்பிய விவரம்.
'வந்த' வரை எழுதிவிட்டேன்.
ஒரு து போட்டால்
பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.
ஒரு கால் போட்டால்
நடந்தே வந்ததாகிவிடும்.

வெளியே குட்டியானைக்காரன் ஹாரன் அடிக்கிறான்,
அடுத்த சவாரி திருவையாற்றுக்கு,
வாழைத்தார் ஏற்ற.