ஆட்சேபணை மனு, பின்பக்கம் பார்க்க

பெறுநர்: செயல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம், கோட்டையூர்.
அனுப்புநர்: ம. சவரிமுத்து, தண்ணி லாரி.
போன் நம்பர் டேங்கிலேயே எழுதியிருக்கிறது.

ஐயா,
கொசு மருந்து அறிவிப்புக்கு அடியில்
பாதி மறைந்து ஒட்டியிருந்ததைத் தூக்கிப் பார்த்துப் படித்தேன்.
ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள்.
இன்று பதினாலு.

குடும்பப் பாகப்பிரிவினை என்கிறது விண்ணப்பம்.
இரண்டு ஏக்கர் எண்பது சென்ட், எட்டுப் பங்கு.
எட்டுப் பேரும் உடன்பிறந்தவர்களாம்.
தகப்பன் பெயர் ஐந்து வருகிறது.
யாருடைய தாயையும் நான் குறை சொல்லவில்லை,
கணக்கைத்தான் சொல்கிறேன்.

மொத்தமாகக் கேட்டால் ரோடு விடணும், பூங்கா விடணும்,
பத்தில் ஒரு பங்கை ஊருக்கு எழுதித் தரணும்.
எட்டாக அறுத்துக் கேட்டால் எதுவும் வேண்டாம்.
ஆடாக நடந்தால் சுங்கம்,
கறியாகப் பையில் போனால் இல்லை.
எட்டு பிறகு நாற்பத்தொரு மனையாகும்.
நோட்டீஸ் அடித்துவிட்டார்கள்:
பதினைந்து நிமிடத்தில் விமான நிலையம்.
விமானம் எப்போது என்று போடவில்லை.

படத்தில் ரோடு பன்னிரண்டு அடி.
என் லாரி எட்டடி,
இரண்டு கண்ணாடியையும் விரித்தால் ஒன்பதரை.
உள்ளே போய்விடுவேன். திரும்ப முடியாது.
கடைசி மனையிலிருந்து முந்நூற்று அறுபது அடி
ரிவர்ஸில் வரணும்.
நான் வருவேன், பழக்கம்.
தீயணைப்பு வண்டி?
வலியில் ஒருத்தி கத்தும்போது
ஆம்புலன்ஸ்காரன் அவளைப் பார்ப்பானா, கண்ணாடியைப் பார்ப்பானா?
செட்டிமார் தெருவில் ஒரே வெட்டில் திருப்புகிறேன்.
அதைப் போட்டவர்கள் லாரியைக் கண்ணால் கண்டதில்லை.

அப்புறம் வரத்துக்கால்.
பழைய புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓடுவது
புதியதில் புள்ளிக்கோடாகி
பதினேழாம் மனைக்கு வந்ததும்
புள்ளியும் இல்லை.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது:
கிழக்குப் பார்த்தது, விலை கூடுதல்.
செம்பொறையில் விழுந்த ஐப்பசி மழை நிற்காது, ஐயா.
ஊருணி எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும்.
குறுக்கே அடுப்படி இருந்தால்
அடுப்படி வழியாகப் போகும்.

ஊருணி நிறையாவிட்டால் எனக்கு லாபம்.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
எல்லைக்கல் ஊன்றிய கலவைக்குத் தண்ணீர் நான்தான் அடித்தேன்.
இரண்டு நடை, ஆயிரத்து அறுநூறு, கையில் வாங்கினேன்.
வண்டியைத் திருப்ப முடியாமல் நாலாம் கல்லைச் சாய்த்தது
அன்றைக்குத்தான்.
மேஸ்திரி சிரித்துவிட்டு
சாய்ந்த கல்லை வேறிடத்தில் நட்டார்.
எவ்வளவு தள்ளி என்று
யாரும் டேப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
(கையெழுத்து கோணலாக இருக்கும், ஸ்டியரிங் மேல் வைத்துப் போட்டது.)

*

என் நகலின் பின்பக்கத்தில், எனக்காக:

கவுண்டரில் இருந்தவர் கேட்டார்,
பக்கத்து நிலத்துக்காரரா?
இல்லை.
மனை வாங்கியிருக்கீங்களா?
இல்லை.
அப்போ எந்த வகையில பாதிப்பு?
யோசித்தேன்.
ரிவர்ஸ், என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
அப்படியே எழுதிக்கொண்டார், கட்டத்துக்குள் அடங்கியது.

முத்திரை குத்தினார். வட்டம் விழுந்தது,
தேதி விழவில்லை.
மை காஞ்சிருச்சு, நாளைக்கு வாங்க.
நாளைக்கு பதினைந்து.
நாளைக்கு மை வருமா என்று கேட்டேன்.
பதில் இல்லை.

வாசலில் லாரி எஞ்சின் ஓடியபடி நின்றது.
பின்னால் ஒரு வேன், அதன் பின்னால் இரண்டு ஆட்டோ.
ஹாரன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
நான் அங்கேயே நின்றேன்.

விரலை நாக்கில் தொட்டு
மைப்பெட்டியில் தேய்த்து
இன்னொரு தடவை குத்தினார்.